கொசுவுக்கு மேலே, மூச்சுத்திணறலுக்குக் கீழே: மலையுயரமும் மனிதரின் சுகமும்

மெக்சிகோ நகரமும் உதகமண்டலமும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில், 2,240 மீட்டரில் இருக்கின்றன. 1968இல் மெக்சிகோவில் ஒலிம்பிக் நடந்தபோது அந்த உயரமே உலகெங்கும் பேச்சாக இருந்தது. பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் கடைசிச் சுற்றுகளில் தளர்ந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். தங்கம் கென்யாவின் நஃப்தாலி டெமுவுக்கும் வெள்ளி எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேவுக்கும் போயிற்று, இருவரும் மேட்டுநிலத்துக்காரர்கள். அதே உயரத்துக்குத்தான், அதே மெல்லிய காற்றுக்குத்தான், ஒவ்வொரு கோடையிலும் தமிழகத்துச் சமவெளியிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் இளைப்பாற ஏறுகிறார்கள். கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையே வந்துவிட்டது. ஒரே உயரம் ஒருவருக்கு மயக்கமும் மற்றவருக்கு இதமுமாக இருப்பதற்கு ஓட்டமும் ஓய்வும் வேறு என்பது மட்டும் விடையாகாது. உயரம் தரும் சுகத்தை நாம் அந்த இடத்துக் காற்றின் குணமாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். காற்றுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் ஏறியவர் எங்கிருந்து ஏறினார், எந்த வயதில் ஏறினார், கையில் என்ன கொண்டு ஏறினார், வேண்டாமென்றால் இறங்கிப்போக அவரால் முடியுமா என்பவற்றுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உயரம் உடலுக்குச் செய்வது என்ன என்று பார்த்துவிடலாம். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஊட்டியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. 5,500 மீட்டரில் பாதி. காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் மாறுவதில்லை, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவுதான் குறைகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் இறங்குகிறது. புற ஊதாக்கதிரோ அதே ஆயிரம் மீட்டருக்குப் பத்து விழுக்காடு அளவுக்குக் கூடுகிறது. மலையில் வெயில் சுடுவதும் நிழல் நடுக்குவதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். மெல்லிய காற்று உடம்பின் சூட்டை உரசி எடுத்துச்செல்வது குறைவு, ஆனால் ஈரத்தை உறிஞ்சுவது அதிகம். உதடு வெடிப்பதும் தாகமில்லாமலே உடல் நீர் வற்றுவதும் அதன் விளைவு. தண்ணீர் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் பருப்பு வேகத் தாமதமாகும். இத்தனை மாற்றங்களில் மனிதர் உடனே உணர்வது குளிரைத்தான். ஆக்ஸிஜன் குறைவதை உடல் நேரடியாக அறிவிப்பதில்லை என்பது வியப்பான உண்மை. மூச்சு முட்டும் உணர்வைத் தூண்டுவது பெரும்பாலும் கரியமில வாயுவின் பெருக்கமே. உயரப் பறந்த விமானிகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவிழந்ததற்கு இதுவே காரணம். ஆகவே உயரத்தைப் பற்றி மக்கள் சொல்லும் பிடித்தமும் பிடிக்காமையும் பெரும்பகுதி குளிரைப் பற்றியவை. ஆக்ஸிஜன் தன் கணக்கைத் தலைவலியாகவும் தூக்கமின்மையாகவும் பசியின்மையாகவும் பின்னால் வந்து தீர்த்துக்கொள்கிறது.

அந்தக் கணக்குக்கு மூன்று கால அளவுகள் உண்டு. சமவெளிக்காரர் ஒருவர் மேலே போன சில மணிநேரத்திலேயே மூச்சின் வேகம் கூடுகிறது. வாரக்கணக்கில் தங்கினால் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இது யாருக்கும் கிடைக்கும் பழக்கம். இரண்டாவது குழந்தைப் பருவத்தில் மட்டும் கிடைப்பது. பெரு நாட்டில் ஆராய்ந்த மானிடவியலாளர் ராபர்ட்டோ ஃப்ரிசாஞ்சோ, சமவெளியில் பிறந்தாலும் வளரும் வயதில் மலைக்கு வந்தவர்களின் உடல் மலைவாசிகளுக்கு இணையாக ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதையும், வளர்ந்தபின் வந்தவர்களுக்கு எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்தத் திறன் முழுமையாக வராததையும் 1970களில் காட்டினார். மூன்றாவது தலைமுறைகளுக்குரியது. திபெத்தியரிடம் இருக்கும் ஈபாஸ்1 என்ற மரபணு வடிவம் இரத்தம் அளவுமீறிக் கெட்டிப்படாமல் காக்கிறது. அது டெனிசோவர் என்ற அற்றுப்போன மனிதக் கிளையிடமிருந்து வந்தது என்பது 2014இல் தெரியவந்தது. ஆண்டிஸ் மலைவாசிகளுக்கு அந்த வடிவம் இல்லை. அவர்களுடைய இரத்தம் கெட்டிப்படும் வழியையே பிடித்தது, சிலருக்கு அது நோயாகவும் முற்றும். அந்நோயை 1920களில் விவரித்தவர் பெருவின் மருத்துவர் கார்லோஸ் மோங்கே. ஸ்பானியப் படையெடுப்பாளர்கள் பெருவில் தங்கள் முதல் தலைநகரை 3,400 மீட்டர் உயரத்தில் ஹௌஹாவில் வைத்துவிட்டு, 1535இல் கடலோரத்து லிமாவுக்கு இறங்கினார்கள். கடல் தொலைவு, விறகு இல்லை, குளிர் என்ற காரணங்களோடு, குதிரையும் பன்றியும் கோழியும் அங்கே இனம் பெருகவில்லை என்றும் சொன்னார்கள். வென்றவரும் வாதாட முடியாத எல்லை ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த எல்லைக்கு மேலே வாழ்பவர்கள் மிகச் சிலர்: 2,500 மீட்டருக்கு மேல் வசிப்போர் உலகில் சுமார் 8 கோடி என்று 2021இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. 1,500 மீட்டருக்கு மேல் என்று பார்த்தால் 50 கோடி. இடைப்பட்ட இந்த நாற்பது கோடிச் சொச்சம் பேருக்கு உயரம் என்பது முதன்மையாக வெப்பநிலையின் பிரச்சினை.

வெப்பநிலையில் எது சுகம் என்பதைப் பற்றி அறிவியலுக்குள்ளேயே நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. டென்மார்க்கின் போல் ஓலே ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூலில், உடம்பில் பிறக்கும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமனாகும் புள்ளியே சுகம் என்று சமன்பாடு எழுதினார். கட்டுப்படுத்திய அறைக்குள் உட்கார்த்திச் சோதித்தபோது, எந்த நாட்டினராயினும் ஒரே உடையும் ஒரே வேலையும் இருந்தால் விரும்பிய வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உலகெங்கும் அலுவலகங்களின் குளிர்சாதனக் கணக்கு பல ஆண்டுகள் இதை நம்பியே நடந்தது. இதற்கு எதிர்க்கட்சியில் நின்றவர்கள் இங்கிலாந்தின் மைக்கேல் ஹம்ஃப்ரீஸும் ஃபெர்கஸ் நிகோலும். மக்களை அறைக்குள் கொண்டுவராமல் அவர்கள் வாழும் இடத்திலேயே போய்க் கேட்ட கள ஆய்வுகளை 1976இல் ஹம்ஃப்ரீஸ் திரட்டியபோது, சுகமான வெப்பநிலை 17 டிகிரியிலிருந்து முப்பதைத் தாண்டியும் பரவிக் கிடந்தது. நிகோலும் பாகிஸ்தானிய ஆய்வாளர்களும் 1990களில் கராச்சி, முல்தான் போன்ற தாழ்ந்த நகரங்களோடு 1,680 மீட்டர் உயரத்துக் குவெட்டாவையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். இடத்துக்கு இடம் மட்டுமல்ல, ஒரே ஊரிலும் பருவத்துக்குப் பருவம் சுகத்தின் புள்ளி நகர்ந்தது. ஹைதராபாத் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதவி இந்திரகண்டி செய்த ஆய்வில் மக்கள் சுகமாக உணர்ந்தது சுமார் 29 டிகிரியில். அப்போதைய இந்தியக் கட்டடக் கோவை கோடைக்கு விதித்திருந்ததோ 23 முதல் 26 வரை. நேபாளத்தின் மரபு வீடுகளில் ஆய்வாளர் ரிஜாலும் ஜப்பானிய ஆய்வாளர்களும் கண்டது இன்னும் பெரிய வீச்சு: தராய்ச் சமவெளியில் கோடையில் முப்பதை ஒட்டியும், சோலுகும்பு போன்ற உயரங்களில் குளிர்காலத்தில் பதினைந்துக்குக் கீழேயும் மக்கள் தங்கள் வீடு போதுமான இதத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

இதற்கு உடனே எழும் மறுப்பு: கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தவர் பதினான்கு டிகிரி சுகம் என்றால் அது பழக்கமல்ல, கம்பளி. மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆய்வாளர்கள் டி டியரும் பிரேகரும் 1998இல் உலகின் 160 கட்டடங்களிலிருந்து சுமார் 21,000 பதிவுகளைத் திரட்டி எழுதிய சூத்திரம், வெளியே ஒரு டிகிரி மாறினால் உள்ளே சுகத்தின் புள்ளி 0.31 டிகிரிதான் மாறும் என்கிறது. அதன்படி ஆண்டுச் சராசரி 29 டிகிரியுள்ள சென்னைக்காரருக்கு 26.8, 14 டிகிரியுள்ள ஊட்டிக்காரருக்கு 22.1. வெளியே பதினைந்து டிகிரி வேறுபாடு, உள்ளே ஐந்துகூட இல்லை. அதாவது மலைக்குளிரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பழக்கம் உள்வாங்குகிறது, மிச்சத்தை வீடும் விறகும் சுமக்க வேண்டும். இக்கணக்கு பெரும்பாலும் அலுவலகக் கட்டடங்களிலிருந்து வந்தது, நேபாளத்து மண்வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது என்பது ஒரு பதில். உடலே மாறுகிறது என்பது இன்னொன்று. நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஒரு சோதனையில், இளைஞர்கள் 15, 16 டிகிரி அறையில் நாளுக்கு ஆறு மணிநேரமாகப் பத்து நாள் இருந்தார்கள். வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பின் செயல் கூடியது, நடுக்கம் குறைந்தது, அதே குளிர் முன்னைவிட இதமாகத் தெரிந்தது. ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ, வியர்வைச் சுரப்பிகளில் எத்தனை செயல்படும் என்பதைப் பிறந்த முதல் சில ஆண்டுகளின் தட்பவெப்பமே தீர்மானிக்கிறது என்று கருதினார். ஆக்ஸிஜனுக்கு ஃப்ரிசாஞ்சோ சொன்ன குழந்தைப்பருவக் கணக்கின் சாயல் இங்கும் தெரிகிறது. என்றாலும் என் வாதத்துக்கு இந்த மறுப்பு கேடு செய்வதில்லை, வலுவே சேர்க்கிறது. கம்பளியும் விறகும் சுகத்தின் பெரும்பகுதி என்றால், அவை யாருக்குக் கிடைத்தன என்ற கேள்வியை உடலியலுக்கு வெளியே தள்ளிவைக்க முடியாது.

நீலகிரிக்கு ஆங்கிலேயர் ஏறிய வரலாறு இங்கே உதவும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மேலே போனார். சில ஆண்டுகளில் அங்கேயே கல்வீடு கட்டினார். 1870ஐ ஒட்டிச் சென்னை மாகாண அரசு கோடைதோறும் கோப்புகளோடு ஊட்டிக்கு இடம்பெயர்வது முறையாகிவிட்டது. இங்கிலாந்தின் குளிரைத் தேடி வந்தார்கள் என்று சொல்வது எளிது, பாதி உண்மையும்கூட. மறுபாதி மரணக் கணக்கு. 1863இல் இந்தியாவின் ஆங்கிலப் படைகளைப் பற்றிய அரச ஆணையம், ஆண்டுக்கு ஆயிரம் சிப்பாய்களில் 69 பேர் சாவதாகக் கணக்குக் காட்டியது. அவர்களுள் பெரும்பாலோர் போரில் சாகவில்லை. குன்னூரை அடுத்த வெலிங்டன் போன்ற மலைப் பாசறைகள் காய்ச்சலுக்கு அஞ்சி எழுந்தவை. காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று என்றுதான் அப்போது நம்பினார்கள். காரணம் தவறு, தேர்ந்தெடுத்த உயரமோ பிழையில்லாதது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர 16 முதல் 18 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும், ஊட்டியின் சராசரி அதற்குக் கீழே. 1897இல் ஊட்டிக்கு வந்திருந்த மருத்துவர் ரொனால்ட் ராஸுக்கு மலேரியா பிடித்தது ஊட்டியில் அல்ல, கீழே சிகூர்க் கணவாய்க்குப் போன இடத்தில். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்தராபாத்தில்தான் அவர் கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டார். இந்தியாவின் மலைவாசத் தலங்கள் பெரும்பாலும் 1,200 மீட்டருக்கும் 2,400 மீட்டருக்கும் இடையில் அமைந்திருப்பது தற்செயலன்று. கீழே கொசுவின் எல்லை, மேலே ஆக்ஸிஜனின் எல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டையை ஆட்சியாளர்கள் அறியாமலே கண்டுபிடித்து, அதற்கு இதம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பட்டையில் அவர்களுக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள் என்பதையும், இருந்தவர்கள் உயரத்துக்கு உயரம் பிரிந்து வாழ்ந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மேட்டுப் புல்வெளிகளில் எருமையோடு தோடர், அவர்களை ஒட்டிப் படகரும் கோத்தரும். சரிவுகளிலும் அடிவாரக் காடுகளிலும் குறும்பரும் இருளரும். தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய வாசலுள்ள தோடர் குடிசையும் அவர்கள் போர்த்தும் தடித்த பூத்தையல் போர்வையும் குளிருக்குச் சொன்ன பதில்கள். காய்ச்சலுக்குச் சரிவுவாசிகளின் பதில் இரத்தத்திலேயே இருந்தது. ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952இல் இந்தியாவில் அரிவாள் செல் இரத்தக்கூறை முதன்முதலில் அறிவித்தது நீலகிரிப் பழங்குடிகளிடமிருந்துதான். இருளரிடமும் குறும்பரிடமும் பணியரிடமும் அது மிகுந்திருந்தது. மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கும் கூறு அது, பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் கொடிய நோயும் அதுவே. ஒரே மலையில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் இடைவெளிக்குள் ஒரு சமூகத்தார் குளிருக்கு வாசலைச் சுருக்கினார்கள், இன்னொரு சமூகத்தார் காய்ச்சலுக்கு உயிர்களை விலையாகக் கொடுத்துக் காப்புப் பெற்றார்கள். எது இதமான உயரம் என்று இவர்களிடம் கேட்டிருந்தால் ஒரே விடை வந்திருக்காது.

வந்தவர்களோ பழகிக்கொள்ளக் காத்திருக்கவில்லை. மலையைத் தங்களுக்குப் பழக்கினார்கள். கணப்பு வைத்த பங்களா, கண்ணாடிச் சன்னல், உருளைக்கிழங்கு, இன்றும் சந்தையில் இங்கிலீஷ் காய் என்றே பெயர் வழங்கும் கேரட்டும் பீட்ரூட்டும். கணப்புக்கு விறகு வேண்டும். சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை, வெட்டினால் மீளாதவை. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வேலமர வகைகளும் யூகலிப்டஸும் வந்து புல்வெளிகளில் இறங்கின. அப்போது ஐரோப்பியர் ஆளாத எத்தியோப்பியாவிலும் இதே கதை நடந்தது என்பதால் இதைக் காலனிய ஆசையின் குற்றமென்று மட்டும் முடித்துவிட முடியாது. பின்னாளில் பேரரசரான மெனெலிக்கின் அவை எண்டோட்டோ மேட்டின் குளிரிலிருந்து வெந்நீர் ஊற்றுள்ள சரிவுக்கு இறங்கி, 1886இல் அடிஸ் அபாபாவைத் தொடங்கியது. 2,300 மீட்டரைத் தாண்டிய அந்த நகரம் சுற்றுக்காட்டை எரித்துத் தீர்த்து, தலைநகரையே மாற்றலாமா என்ற நிலைக்கு வந்தபோது காப்பாற்றியது யூகலிப்டஸ்தான். உயரத்தின் இதம் எந்த ஆட்சியிலும் மரத்தின் கணக்கில் எழுதப்பட்ட செலவு. குளிரை ரசிப்பதற்கு அதை எப்போது வேண்டுமானாலும் விரட்டக்கூடிய நெருப்பு பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த நெருப்பு இல்லாதவர்களுக்கு அதே உயரம் எப்படி இருந்தது என்பதற்கு இலங்கையின் மலையகம் சான்று. நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. ஆங்கிலேயர் அதையும் தங்கள் ஊரைப் போலவே குதிரைப் பந்தயத் திடலும் ரோஜாத் தோட்டமுமாக அமைத்துக்கொண்டார்கள். அதைச் சுற்றியுள்ள சரிவுகளில் காப்பியும், 1869இல் காப்பியை இலைத்துரு நோய் தாக்கியபின் தேயிலையும் வளர்க்கக் கொண்டுவரப்பட்டவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் சீமைகளின் வறண்ட வெக்கையில் வளர்ந்தவர்கள். உடலியல் நோக்கில் பார்த்தால் சுகத்தின் புள்ளி மிக உயரத்தில் இருந்தவர்களை மிகத் தாழ்ந்த வெப்பத்துக்கு ஏற்றிய இடப்பெயர்வு அது. அவர்களுக்குக் கிடைத்த தகவமைப்புச் சாதனம் ஒரு கம்பளி. அதுவும் இலவசமில்லை, கணக்கில் எழுதிக் கூலியில் பிடிப்பார்கள். தங்கியது லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அடுப்பும் உள்ளேயே, புகையும் உள்ளேயே. மழையிலும் மூடுபனியிலும் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் உயரத்தில் நூறு மீட்டர் வேறுபாடுகூட இருக்காது. வெப்பச் சுக ஆய்வாளர்கள் இதை அளக்க ஒரு கருத்தை வைத்திருக்கிறார்கள்: சன்னலைத் திறக்க, உடையை மாற்ற, இடம்பெயர, நெருப்பு மூட்ட எத்தனை வாய்ப்பு உண்டோ அத்தனை பரந்த வெப்பநிலையை மனிதர் சுகமாக ஏற்கிறார். வாய்ப்பு குறைந்தால் ஏற்கும் பட்டையும் சுருங்குகிறது. அலுவலகங்களைக் கண்டு சொன்னது இது. லயத்து அறைக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது.

ஆனால் அவர்களும் பழகிவிட்டார்களே, தலைமுறைகள் கடந்தபின் அதே குளிரை விரும்பவும் செய்தார்களே என்று கேட்கலாம். இக்கேள்விக்கு வரலாறே ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்கும் என்றது. திரும்பியவர்களில் பலருக்கு வியாபாரக் கடனும் சமவெளியில் வாழ்வதற்கான திட்டங்களுமே தரப்பட்டன. தாத்தன் பாட்டி விட்டுவந்த அந்த வெக்கை, பேரப்பிள்ளைகளுக்கு அந்நியமாக இருந்தது. கணிசமானவர்கள் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் தாமாகவே ஏறினார்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் தாயகம் திரும்பியோருக்கென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. பின்னாளில் டான்டீ என்ற பெயரில் நிறுவனமானவை அவை. ஏறியது குளிருக்காகவா, தெரிந்த தொழிலுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். தேயிலைக் கொழுந்தைக் கிள்ளும் கை சமவெளியில் எதைக் கிள்ளும்? ஆனால் பிரிக்க முடியாமல் இருப்பதே நான் சொல்ல வருவது. ஒருவரின் உயர விருப்பம் தோலில் மட்டும் எழுதியிருப்பதில்லை. பயிர், கூலி, உறவு, அடுப்பு எல்லாம் சேர்ந்த வாழ்க்கை முறையாக அது இறங்குகிறது, ஏறுகிறது. அதே சமயம் பழகியதைச் சம்மதம் என்று கணக்கெழுதுவதும் சரியல்ல. நேபாள வீட்டில் பதினான்கு டிகிரி போதும் என்றவரின் பதிலை வைத்து அவருக்குச் சூடான அறை வேண்டாம் என்று முடிவு கட்டினால், ஆய்வு கேட்காத கேள்விக்கு விடை எழுதியவர்களாவோம். போதும் என்பது வேறு, விருப்பம் என்பது வேறு. வெப்பச் சுக ஆய்வாளர்களின் வினாத்தாள்களிலேயே இரண்டுக்கும் தனித்தனிக் கேள்விகள் உண்டு, விடைகள் பலமுறை ஒத்துப்போவதில்லை.

இன்னொரு வலுவான மறுப்பு கோடைக் கூட்டம். இத்தனை லட்சம் பேர் ஏறுவதே மிதமான உயரம் எல்லா மனிதருக்கும் பிடிக்கும் என்பதைக் காட்டவில்லையா? பிரெஞ்சு உடலியலாளர் மிஷேல் கபனாக் 1971இல் எழுதிய கட்டுரை இதற்கு விடை வைத்திருக்கிறது. உடல் சூடாகியிருக்கும்போது குளிர்ந்த நீரில் கைவைப்பது பேரின்பம், உடல் குளிர்ந்திருக்கும்போது அதே நீர் துன்பம். இன்பம் நீரில் இல்லை, உடல் அப்போது இருக்கும் நிலைக்கும் நீருக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. நாற்பது டிகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ஏறுபவர் அனுபவிப்பது அந்த இடைவெளியை. இடைவெளி நாளாக நாளாக மூடிக்கொள்ளும், மூன்று நாள் பயணத்தில் மூடுவதில்லை. டிசம்பர், ஜனவரியின் உறைபனியில் அந்தக் கூட்டம் வராததையும், வந்தாலும் பனி பூத்த புல்லைப் படமெடுத்துவிட்டு அறைக்குள் ஒடுங்குவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விருப்பம் எப்போதும் மேல்நோக்கியே ஓடும் என்பதற்கு எதிர்ச்சான்று பொலிவியாவில் இருக்கிறது. லா பாஸில் நகரின் மையம் சுமார் 3,650 மீட்டர். விளிம்பில் 4,100 மீட்டர் உயரத்து எல் ஆல்ட்டோவில் எளிய மக்கள் வாழ்கிறார்கள், பணக்காரர்கள் பல நூறு மீட்டர் கீழே தென்பகுதிப் பள்ளத்தாக்கில். ஊட்டியில் செல்வம் ஏறிற்று, லா பாஸில் செல்வம் இறங்குகிறது. இரண்டும் ஒரே பட்டையை நோக்கித்தான் நகர்கின்றன என்றால், இதம் உயரத்தில் இல்லை, அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியில் இருக்கிறது. வாய்ப்பு வந்தபோது பொலிவியாவின் எளியவர்களும் வெக்கையைப் பொருட்படுத்தவில்லை. மேட்டுநிலத்திலிருந்து நானூறு மீட்டர் உயரமே உள்ள சாண்டா க்ரூஸுக்கு வேலை தேடிப் பல்லாயிரம் குடும்பங்கள் இறங்கியிருக்கின்றன.

இந்தப் பட்டை நிலையானதல்ல என்பது இனி முக்கியமாகப்போகிறது. அதன் மேல் எல்லையைக் காற்றழுத்தம் நிர்ணயிக்கிறது, புவி சூடாவதால் அது குறிப்பிடும்படி நகராது. கீழ் எல்லையை வெப்பநிலை நிர்ணயிக்கிறது, அது நகர்கிறது. எத்தியோப்பிய, கொலம்பிய மேட்டுநிலங்களின் பதிவுகளை ஆராய்ந்து சிராஜ், பாஸ்குவால் முதலியோர் 2014இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பம் கூடிய ஆண்டுகளில் மலேரியா உயரமான ஊர்களுக்கு ஏறுவதையும் குளிர்ந்த ஆண்டுகளில் இறங்குவதையும் காட்டியது. எத்தியோப்பியரில் பெரும்பான்மையினர் மேட்டுநிலத்தில் வாழ்வதற்குத் தாழ்நிலக் காய்ச்சலின் மேலிருந்த அச்சமும் ஒரு காரணம். 1980களின் நடுவில் இராணுவ அரசு பஞ்சத்தைக் காட்டி லட்சக்கணக்கான மேட்டுநில மக்களைத் தாழ்நிலங்களில் குடியேற்றியபோது மலேரியாவில் பலர் மாண்டார்கள். கொசுவோடு வளராத உடலுக்கு அந்நோயைத் தாங்கும் எதிர்ப்பு இல்லை. தாழ்நிலத்தில் மலேரியா பெரும்பாலும் குழந்தைகளைக் கொல்கிறது; மேட்டுநிலத்துக்கு ஏறி வரும்போது பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை. அங்கே ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் பயிரிட்டு வாழும் குடும்பங்களுக்கு இன்னும் ஐந்நூறு மீட்டர் ஏறிக்கொள்ளலாம் என்பது விடையாகாது. மேலே உள்ள நிலம் குறைவு, இருப்பதும் உழுது தேய்ந்தது, அதில் ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள்.